மூடிய மில்லும் உறைந்த பென்ஷனும்

சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு, கள்ளக்குறிச்சி தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



நூற்பாலை ஒன்று மூடப்படும்போது அதன் தொழிலாளிக்கு முதுமைக்கென்று சட்டப்படி மிஞ்சுவன மூன்று: வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம். ஆலை வாசலில் இவற்றின் பெயர் பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன். பி.எஃப். பணம் பெரும்பாலும் மூடிய ஓரிரு ஆண்டுகளிலேயே மகள் திருமணத்துக்கும் பழைய கடனுக்கும் போய்விடுகிறது. கிராஜுவிட்டி, நிர்வாகத்திடம் பணம் இருந்தால்தான் கைக்கு வரும். உயிர் உள்ளவரை மாதந்தோறும் வருவது பென்ஷன் ஒன்றே. அந்தப் பென்ஷன் ஆலை நின்ற நாளின் கூலியோடு உறைந்துபோகிறது. இழப்பை ஈடுசெய்ய அரசு வகுத்த திட்டங்களோ இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. வாழ்நாள் இழப்புக்குத் தற்காலிக உதவி என்ற இந்தப் பொருத்தமின்மைதான் இம்மடலின் பொருள்.

மடல் ஐந்து தொகுதிகளுக்கு எழுதப்படுவதற்குக் காரணம் உண்டு. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளி தேர்தல் வரைபடத்தில் பிரிந்து கிடக்கிறது. மேட்டூர் தருமபுரித் தொகுதியிலும், குமாரபாளையம் ஈரோட்டிலும், ஆத்தூர் கள்ளக்குறிச்சியிலும் அடங்குகின்றன. சங்ககிரி நாமக்கல்லோடு சேர்ந்திருக்கிறது. நூற்பாலை, விசைத்தறி, கைத்தறி என்று ஒரே நூலில் கோத்த தொழில் இது. இளம்பிள்ளையின் சேலையும் குமாரபாளையத்தின் லுங்கியும் நூல் கேட்டதால் ஆலைகள் எழுந்தன. பஞ்சு விலை ஏற்றம், மின்வெட்டு, பழைய எந்திரங்கள், வங்கிக் கடன் ஆகியவை சேர்ந்து அவற்றில் பலவற்றை நிறுத்தின. வேலை போனவர்கள் விசைத்தறிப் பட்டறை, லாரி பாடி கட்டும் கூடம், கோழிப்பண்ணை, சேகோ ஆலை என்று சிதறினார்கள். 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் பட்டறைக்கு வைப்புநிதிச் சட்டம் பொருந்தாது. அங்கே போனவரின் பென்ஷன் கணக்கில் அதன் பிறகு ஒரு மாதம்கூடச் சேராது.

பென்ஷன் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. குறைபாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1952ஆம் ஆண்டு வைப்புநிதிச் சட்டத்தில் முதலில் ஓய்வூதியமே இல்லை. 1971 மார்ச் 1 முதல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. அது பணிக்காலத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கானது. உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கு மாதந்தோறும் பணம் என்பது 1995 நவம்பர் 16 அன்று வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில்தான் நிறைவேறியது. நிர்வாகம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மத்திய அரசு 1.16 விழுக்காடு சேர்க்கிறது. இரண்டும் ஊதிய வரம்புக்கு உட்பட்டவை. அந்த வரம்பு தொடக்கத்தில் 5,000 ரூபாயாகவும், 2001 முதல் 6,500 ஆகவும், 2014 செப்டம்பர் முதல் 15,000 ஆகவும் இருந்துவருகிறது. அதாவது ஒரு தொழிலாளிக்காக அரசு மாதத்துக்குச் செலுத்தும் உச்சத் தொகை 174 ரூபாய்.

ஓய்வூதிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுப்பதுதான் சூத்திரம். இது 1995க்குப் பிந்தைய பணிக்கு மட்டும். 1971க்கும் 1995க்கும் இடையில் உழைத்த ஆண்டுகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அன்றைய மாதக்கூலி 2,500 ரூபாய்க்கு மேல் இருந்து 20 ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தவருக்கு அதில் 170 ரூபாய். கூலி 2,500 வரை என்றால் 150. பதினொரு ஆண்டு வரை பணி செய்தவருக்கு 85 அல்லது 80. 58 வயதை எட்ட எத்தனை ஆண்டு மிச்சமிருந்ததோ அதற்கேற்ற பெருக்கெண்ணால் இத்தொகை பெருக்கப்படும். எவ்வளவு பெருக்கினாலும், இருபதாண்டு உழைத்தவருக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் தேறாது. மில்லின் மிகப் பழைய ஆட்கள், 70களில் நூல் கண்டு மாற்றும் டாஃபராகவும் நூற்பு எந்திரம் பார்க்கும் சைடராகவும் சேர்ந்தவர்கள், தங்கள் பலமான ஆண்டுகளை எல்லாம் இந்த அட்டவணைக் காலத்தில் செலவழித்தவர்கள். அவர்களுக்குத்தான் இத்திட்டம் மிகக் குறைவாகத் தருகிறது.

ஒரு கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். 1953இல் பிறந்தவர் 1974இல் ஒரு மில்லில் சேர்கிறார் என்றும், 2001 நடுவில் மில் நிற்கிறது என்றும், அப்போது அவர் கூலி 4,000 ரூபாய் என்றும் கொள்ளலாம். 1995க்குப் பிந்தைய பணி ஐந்தரை ஆண்டைத் தாண்டுவதால் ஆறு ஆண்டாகக் கொள்ளப்படும். 4,000ஐ ஆறால் பெருக்கி 70 ஆல் வகுத்தால் 343 ரூபாய். பழைய பணிக்கான சில நூறு இதோடு சேரும். 27 ஆண்டு உழைப்புக்கு வந்தது இவ்வளவே. அவருக்கு 58 வயது நிறைவது 2011இல். இடைப்பட்ட பத்தாண்டில் பஞ்சும் அரிசியும் பேருந்துக் கட்டணமும் ஏறின. அவருடைய ஓய்வூதிய ஊதியம் மட்டும் 2001இன் 4,000 ரூபாயிலேயே நின்றது. கடைசிக் கூலியை ஓய்வு நாள் வரைக்கும் விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் ஏற்பாடு திட்டத்தில் இல்லை. ஓடும் ஆலையில் ஓய்வு பெறுகிறவருக்கு இந்த இழப்பு கிடையாது, ஏனென்றால் அவர் கடைசிக் கூலிக்கும் பென்ஷனுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. மூடிய ஆலையின் தொழிலாளி, தம் தவறு எதுவும் இல்லாமல், இதற்காகவும் தண்டிக்கப்படுகிறார்.

மூடுவதற்கு முந்தைய காலமும் கணக்கைக் கெடுக்கிறது. பெரும்பாலான மில்கள் ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் ஒரு ஷிப்ட் குறையும், பிறகு லே-ஆஃப், பிறகு கதவடைப்பு. பங்களிப்பு செலுத்தப்படாத நாட்கள் பணிக்காலத்திலிருந்து கழிக்கப்படும். கதவடைப்பில் இரண்டு ஆண்டு காத்திருந்தவர், சட்டப்படி அந்த ஆலையின் ஊழியராகவே இருந்தும், அந்த இரண்டு ஆண்டையும் இழக்கிறார். ஓய்வூதிய ஊதியத்துக்கு முன்பு கடைசி 12 மாத ஊதியத்தின் சராசரி எடுக்கப்பட்டது. 2014 முதல் 60 மாதச் சராசரி. பதிலித் தொழிலாளியாக உழைத்து, பதிவேட்டில் ஏறாத ஆண்டுகள் கணக்கிலேயே இல்லை. மொத்தப் பணி பத்தாண்டை எட்டாதவருக்கு மாதப் பென்ஷனே கிடையாது. அவர் ஒருமுறை பணத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி வேறு ஆலையில் பணியைத் தொடரலாம். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலை இல்லாதபோது அந்தச் சான்றிதழால் பயனில்லை.

வேலையிழந்தவர் 50 வயதைக் கடந்திருந்தால் முன்கூட்டியே பென்ஷன் கேட்கலாம். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டப்படும். 2008க்கு முன் அது 3 விழுக்காடாக இருந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற நெருக்கடியில் இந்த வெட்டுக்கு ஒப்புக்கொள்கிறவர் அதைச் சாகும்வரை சுமக்கிறார். தாமாக விலகி இளைப்பாற நினைப்பவருக்கு இந்த விதி நியாயமாக இருக்கலாம். ஆலை மூடியதால் தெருவுக்கு வந்தவருக்கும் அதே விதியைப் பொருத்துவது அநீதி.

இனி, அரசு வழங்கிய ஈட்டுக்கு வரலாம். 1985 ஜூன் 6 அன்று வெளியான ஜவுளிக் கொள்கை, இனி நடத்த இயலாத ஆலைகளை மூடலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதன் துணையாக வந்ததுதான் 1986 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம். மூடலை அரசே கொள்கையாக ஏற்றபோது அதன் விலையில் ஒரு பங்கையும் அரசே ஏற்க வேண்டும் என்ற நேர்மை அதில் இருந்தது. முதல் ஆண்டில் கூலியில் 75 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 25, அதோடு முடிவு. ஓய்வு வயது இடையில் வந்துவிட்டால் அன்றே நின்றுவிடும். பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தில் வேலைக்குப் போனாலும் நின்றுவிடும். பென்ஷன் இழப்புக்கென்று அதில் ஒரு பைசாவும் ஒதுக்கப்படவில்லை.

அதைவிடப் பெரிய குறை நுழைவாயிலில் இருந்தது. தொழில் தகராறு சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி மூடுவதற்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் கலைப்பு அலுவலரை நியமித்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால்தான் அது மூடிய ஆலை. அனுமதி கேட்டால் தொழிலாளர் பாக்கியைத் தீர்க்க வேண்டிவரும் என்பதால் அனுமதியே கேட்காமல் கதவைப் பூட்டிய நிர்வாகங்களின் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். நலிந்த நிறுவனங்களுக்கான வாரியத்தில் சிக்கிய ஆலைகளின் கதை இன்னும் நீளம். 1985ஆம் ஆண்டு நலிவுற்ற தொழில் நிறுவனச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, விசாரணை நடக்கும்வரை பணம் மீட்கும் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. கடன்காரர்களிடமிருந்து ஆலையைக் காப்பாற்ற வகுத்த கவசம் அது. ஆண்டுக்கணக்கில் விசாரணை இழுத்தபோது தொழிலாளியின் கைகளையும் அது கட்டிப்போட்டது. சங்கு ஊதுவது நின்று, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, எந்திரம் துருவேறிய ஆலை, காகிதத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட ஆலையின் தொழிலாளிக்கு மறுவாழ்வு நிதியும் இல்லை, மூடல் இழப்பீடும் இல்லை. 2016 டிசம்பர் 1 அன்று அச்சட்டம் நீக்கப்பட்டபோது, காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் ஓய்வு வயதைக் கடந்திருந்தார்கள்.

மறுவாழ்வு நிதித் திட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனாவோடு இணைக்கப்பட்டது. இது இ.எஸ்.ஐ. நடத்தும் வேலையின்மைப் படி. முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதம் 25 விழுக்காடு. மூன்றாண்டு இரண்டாண்டாகவும், 75 என்பது 50 ஆகவும் சுருங்கின. இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவருக்கு அதுவும் இல்லை. இங்கேயும் மூடலுக்குச் சட்டப்படியான சான்று வேண்டும் என்ற பழைய வாசல் அப்படியே இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, மூட அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. இச்சமவெளியின் நடுத்தர நூற்பாலைகளில் 300க்குக் குறைவான ஆட்களோடு ஓடுபவை இனி அரசின் அனுமதி இல்லாமலே மூடப்படலாம். மூடுவது எளிதாகிறது என்றால் மூடலுக்கான ஈடு வலுவாக வேண்டும். நடந்திருப்பது அதற்கு நேர்மாறு.

கிராஜுவிட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் கூலி என்ற கணக்கு தெளிவானது. பணம் எங்கே என்பதுதான் கேள்வி. 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தொழிலாளரின் வைப்புநிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. இது நல்ல பாதுகாப்பு. ஆனால் பணிக்கொடைக்கென்று தனி நிதியே வைக்காத ஆலையில் பிரித்து வைக்க எதுவும் இருப்பதில்லை, வழக்கு நீள்கிறது. வைப்புநிதி பாக்கிக்கு வங்கிக் கடனுக்கும் முந்திய உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2009இல் மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த முன்னுரிமையைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு வைப்புநிதி அலுவலகத்துக்கு உரியது.

மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்சப் பென்ஷனைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். 2014 செப்டம்பரில் மத்திய அரசு அதை நடைமுறைப்படுத்தியபோது, 300க்கும் 500க்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கு அது உண்மையான ஆறுதல். அதற்கான கூடுதல் தொகையை அரசு தன் வரவுசெலவிலிருந்து தருகிறது. அந்த வகையில் இதுவே பென்ஷன் இழந்தவருக்கு அரசு நேரடியாக வழங்கும் ஈடு. அது அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீடு 2001 அடிப்படையில் 2014 செப்டம்பரில் 253. அதே அடிப்படைக்கு மாற்றினால் 2024 டிசம்பரில் 413ஐத் தாண்டியது. 2014இன் 1,000 ரூபாய், பத்தே ஆண்டில் ஏறத்தாழ 610 ரூபாயின் வாங்கும் வலிமைக்கு இறங்கிவிட்டது. முன்கூட்டியே பென்ஷன் எடுத்தவர், ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டவர் ஆகியோருக்கு அந்தக் கழிவுகள் போகவே கிடைப்பதால் 1,000க்கும் குறைவாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அகவிலைப்படி இத்திட்டத்தில் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் நிதியின் மதிப்பீட்டை ஒட்டிச் சிறு உயர்வுகள் தரப்பட்டன. 2000க்குப் பிறகு அவையும் நின்றன. அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு ஆண்டில் இருமுறை அகவிலை நிவாரணம் உயர்கிறது. அது சரியான ஏற்பாடு. விலைவாசி இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் மில் தொழிலாளிக்கும் அது வேண்டும்.

தமிழ்நாட்டு அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் 1,200 ரூபாய். ஆதரவற்ற முதியவருக்கு அரசு தரும் அந்தத் தொகை இன்னும் கூட வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் கால் நூற்றாண்டு பங்களிப்பு செலுத்தப்பட்ட ஒருவருக்குச் சட்டம் உறுதிசெய்யும் ஓய்வூதியம், பங்களிப்பே இல்லாத உதவித்தொகையைவிடக் குறைவாக இருப்பதை எந்த நியாயத்தாலும் விளக்க முடியாது. பென்ஷன் வாங்கிவந்து இறந்த தொழிலாளியின் மனைவிக்குக் கிடைப்பது கணவர் பென்ஷனில் பாதி. அதற்கும் அடித்தளம் அதே 1,000தான்.

நாடாளுமன்றம் இதை அறியாமல் இல்லை. பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, குறைந்தபட்சம் 3,000 ரூபாய் வேண்டும் என்றும், அரசின் பங்கை 1.16 விழுக்காட்டிலிருந்து நிர்வாகத்தின் பங்குக்கு இணையாக 8.33 ஆக்க வேண்டும் என்றும் 2013இல் பரிந்துரைத்தது. 2018இல் அமைந்த உயர்நிலைக் கண்காணிப்புக் குழு 2,000 ரூபாயை முன்வைத்தது. நிதி அமைச்சகம் ஒப்பவில்லை. ஓய்வூதியர் அமைப்புகள் கேட்பது 7,500 ரூபாயும் அகவிலைப்படியும். 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த உயர் ஓய்வூதியத் தீர்ப்பு பரவலாகப் பேசப்பட்டது. வரம்புக்கு மேல் ஊதியம் வாங்கி, அந்த முழு ஊதியத்துக்கும் பங்களிப்பு செலுத்தியவர்களுக்கான தீர்ப்பு அது. வரம்பைத் தொடாத கூலியோடு வெளியேறிய நூற்பாலைத் தொழிலாளிக்கு அதில் எதுவும் இல்லை.

ஆலை மூடியதால் பறிபோன ஓய்வூதியத்துக்கு அரசு ஈடு தரும் கேள்வி பிற நாடுகளிலும் எழுந்தது. பிரிட்டனில் அலைட் ஸ்டீல் அண்ட் வயர் என்ற உருக்கு நிறுவனம் 2002இல் வீழ்ந்தபோது, கார்டிஃப் நகரத்திலும் ஷீர்னெஸ்ஸிலும் வேலை பார்த்தவர்கள் வேலையோடு ஓய்வூதியத்தையும் இழந்தார்கள். அவர்கள் போராடியதன் பலனாக, 2004ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் நிதி உதவித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. முதலில் அதற்கு ஒதுக்கிய தொகை மிகச் சிறியது. ஓய்வை நெருங்கியவர்களுக்கு மட்டுமே அது எட்டியது. 2007 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், தொழிலாளிக்கு உரியதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது எனத் தீர்த்தது. அதே ஆண்டு முடிவதற்குள் உதவி 90 விழுக்காடாக உயர்ந்தது. உச்சவரம்பும், 1997 ஏப்ரலுக்கு முந்தைய பணிக்கு விலைவாசி உயர்வு தராத விதியும் அங்கே நெடுங்காலம் குறைகளாக நீடித்தன. பழைய ஆண்டுகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடும் அதே தவறுதான் இங்கே 170 ரூபாய் அட்டவணையாக இருக்கிறது. இருந்தும், இழந்ததில் எத்தனை பங்கு திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே சட்டத்தின் மையத்துக்கு வந்தது. இந்தியச் சட்டத்தில் அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவே இல்லை.

சேலத்திலேயே மாறுபட்ட ஓர் உதாரணம் உண்டு. நலிவுற்றிருந்த பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் சேலம் மேக்னசைட் பிரிவை 2011இல் பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில் எடுத்துக்கொண்டது. செயில் ரிஃப்ராக்டரி என்ற பெயரில் ஆலை தொடர்ந்து ஓடியது. அரசு முன்வந்தால் மூடலையே தவிர்க்க முடியும் என்பதற்கு அது சான்று. மூடிய தனியார் நூற்பாலைகள் பலவற்றுக்கு அப்படி ஒரு கை நீளவில்லை.

ஆவணச் சிக்கல் தனித் துன்பம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறந்த ஆண்டு தோராயமாகப் பதிவாகியிருக்கும். ஓடும் ஆலை என்றால் மேலாளர் கையெழுத்தில் திருத்தம் முடிந்துவிடும். மூடிய ஆலையின் தொழிலாளி வங்கி மேலாளர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பத்துக்கு அலைய வேண்டும். கூலிப் பதிவேடு கலைப்பு அலுவலரிடம் கிடக்கும், அல்லது கரையான் அரித்துப் போயிருக்கும். நிர்வாகம் கூலியில் பிடித்தும் கட்டாமல் விட்ட மாதங்களை நிரூபிக்கும் சுமையும் நடைமுறையில் தொழிலாளி தலையில் விழுகிறது. 2025 ஜனவரி முதல் எந்த வங்கியிலும் பென்ஷன் பெறலாம் என்பதும், முக அடையாளத்தால் உயிர்ச்சான்று தரலாம் என்பதும் நல்ல மாற்றங்கள். அவை பென்ஷன் ஏற்கெனவே வருகிறவருக்கு உதவும்.

உறுப்பினர்களால் ஆகக்கூடியவை பல. குறைந்தபட்சப் பென்ஷனை விலைக் குறியீட்டோடு இணைப்பதும் அரசின் 1.16 விழுக்காட்டை உயர்த்துவதும் ஒவ்வொரு வரவுசெலவு விவாதத்திலும் கேட்க வேண்டியவை. அவற்றுக்குப் பெரும் நிதி தேவை, காலமும் ஆகும். பெரிய செலவில்லாதவையும் உண்டு. மூடலுக்கும் 58 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கடைசிக் கூலியை உயர்த்திக் கணக்கிடுவது, மூடிய ஆலையிலிருந்து வந்தவருக்கு 4 விழுக்காட்டு வெட்டை நீக்குவது, கதவடைப்புக் காலத்தைப் பணிக்காலமாக ஏற்பது ஆகிய மூன்றும் திட்ட விதிகளில் செய்யக்கூடிய திருத்தங்கள். மூடல் ஆணை இல்லாத ஆலைக்கு, பங்களிப்பு நின்று ஓராண்டு கடந்ததையும் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதையும் மூடலின் சான்றாக ஏற்கச் செய்தால், வேலையின்மைப் படியின் வாசல் திறக்கும்.

மாவட்டத்திலேயே தொடங்கக்கூடிய வேலையும் இருக்கிறது. வைப்புநிதி நிறுவனம் 2023 முதல் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி எல்லா மாவட்டங்களிலும் குறைதீர் முகாம் நடத்துகிறது. சேலம், நாமக்கல் முகாம்களில் ஒன்றை மூடிய மில்களுக்கென்றே ஒதுக்கி, பழைய சங்கப் பொறுப்பாளர்களையும் கலைப்பு அலுவலரின் பிரதிநிதியையும் தொழிலாளர் துறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும்படி மக்களவை உறுப்பினர் ஒருவர் கேட்டால் அலுவலகம் மறுப்பது கடினம். அந்த மேசையில் முதலில் எடுக்க வேண்டியவை, 58 வயதைத் தாண்டியும் பென்ஷன் ஆணை வராதவர்களின் கோப்புகளும் கணவரை இழந்த பெண்களின் விண்ணப்பங்களும்.